டெட்ராகிஸ் பல்லேடியம்: சிறிய குப்பியே போதும்

கரிம உலோகச் சேர்மங்களை விற்கும் எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் தவறாமல் இடம்பெறும் பொருள், ஆய்வகங்களில் டெட்ராகிஸ் என்று சுருக்கமாக வழங்கும் டெட்ராகிஸ் ட்ரைபீனைல்பாஸ்பீன் பல்லேடியம். 1957-இல் மலாடெஸ்டாவின் குழு இதனை அறிவித்தது. இரு கரிம மூலக்கூறுகளைக் கார்பன்-கார்பன் பிணைப்பால் சேர்ப்பதும், இன்று சுசூகி, மியாவுரா ஆகிய இருவரின் பெயரால் அறியப்படுவதுமான இணைப்பு வினை 1979-இல் வெளியானபோது அதில் பயன்பட்ட வினையூக்கியும் இதுவே. கரிம உலோகத் தொகுப்பிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்தச் சேர்மத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு; அது விற்கப்படும் விதத்தின் மீதுதான் குறை.

நல்ல சரக்கு பளிச்சென்ற மஞ்சள் நிறப் படிகத் தூளாக இருக்கும். காற்றுப் படப்பட, பாஸ்பீன் ஈனிகள் (உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறுகள்) ஆக்சிஜனேற்றமடைந்து உலோகத்தை விட்டு விலகுவதால், மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகி, பிறகு பழுப்பாகும். பச்சைச் சாயல் தெரிந்தால் ஆக்சிஜன் பல்லேடியத்தோடே பிணைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஐயம் எழுந்தால், ஆக்சிஜன் நீக்கிய டொலுயீனில் சிட்டிகையளவு கரைத்துப் பார்ப்பதே விரைவான சோதனை. தெளிந்த கரைசல் கிடைத்தால் கவலையில்லை. அடியில் கறுப்புத் துகள்கள் படிந்தால் அது உலோகப் பல்லேடியம். பாஸ்பரஸ் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 25 முதல் 30 பி.பி.எம். வரையான பகுதியில் கூர்மையான குறிகை வந்தால், பாஸ்பீன் ஆக்சைடு சேர்ந்துவிட்டது என்பதில் பெரும்பாலும் ஐயமிருக்காது.

ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த 25 கிராம் குப்பி, முத்திரை உடைக்கும் முன்பே பழுப்பேறியிருந்தது. முறையிட்டபோது, பல்லேடியத்தின் அளவு சரியாக இருப்பதாகக் கூறும் பகுப்பாய்வுச் சான்றிதழைத்தான் பதிலாக அனுப்பினார்கள். சான்றிதழ் பொய்யில்லை, ஆனால் அது விடையுமில்லை. இச்சேர்மத்தின் எடையில் ஏறத்தாழ 9.2 சதவீதம் பல்லேடியம். சேர்மம் சிதைந்தாலும் அந்த உலோகம் குப்பியை விட்டு எங்கும் போய்விடாது, வேறு வடிவில் உள்ளேயே கிடக்கும். ஆகவே உலோக அளவை மட்டும் காட்டும் சான்றிதழை நான் பொருட்படுத்துவதில்லை, என்.எம்.ஆர். நிறமாலையைத்தான் கேட்கிறேன்.

பெரிய குப்பியில் கிராமுக்கான விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. கிளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாத ஆய்வகத்தில் கடைசிப் பத்து கிராம் வெறும் பழுப்புத் தூளாகிவிடும் என்பதால், மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அதிலேயே கரைந்துவிடும். ஆர்கானில் அடைத்த 1 கிராம் குப்பிகளை வாங்கி, உறைவிப்பானில் ஒளி படாமல் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறப்பது நல்லது. குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் உள்ளே படியும்.

செயல்திறனைப் பொறுத்தவரை, அரைல் (பென்சீன் போன்ற அரோமேட்டிக் வளையம் கொண்ட) அயோடைடுகளுக்கும் புரோமைடுகளுக்கும் இது நம்பகமானது. சாதாரண அரைல் குளோரைடுகளுக்கு இதை நம்பிப் பயனில்லை; அவற்றுக்கு எலக்ட்ரான் செறிந்த, பருமனான பாஸ்பீன்கள் வேண்டும். மற்றொரு தொல்லையைப் பலரும் வாங்கும்போது கணக்கிடுவதில்லை. 10 மில்லிமோல் அளவிலான வினைக்கு 5 மோல் சதவீதம் சேர்த்தால் 578 மில்லிகிராம் டெட்ராகிஸ் ஆகிறது. அதில் 525 மில்லிகிராம் வெறும் ட்ரைபீனைல்பாஸ்பீன். வினை முடிந்ததும் அதில் கணிசமான பகுதி ஆக்சைடாகி, முனைவுத்தன்மை கொண்ட விளைபொருளோடு சேர்ந்து விளைபொருளைத் தூய்மைப்படுத்தும் குழாய் வண்ணப்பிரிகையில் இறங்கி வந்து பொறுமையைச் சோதிக்கும். சில வேளைகளில் பாஸ்பீனின் பீனைல் தொகுதியே விளைபொருளில் ஏறிக்கொள்வதும் உண்டு.

சொந்தமாகத் தயாரிப்பதும் கடினமில்லை. பல்லேடியம் குளோரைடையும் மிகுதியான ட்ரைபீனைல்பாஸ்பீனையும் டைமெத்தில் சல்பாக்சைடில் சூடாக்கிக் கரைத்து ஹைட்ரசீன் ஹைட்ரேட்டைச் சேர்த்தால், நைட்ரஜன் நுரைத்துக் கிளம்பும். ஆறும்போது மஞ்சள் படிகங்கள் விழும். ஹைட்ரசீன் நச்சுத்தன்மை உடையது என்பதால், புகைபோக்கி அறையும் அனுபவமும் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் இணைப்பு வினை செய்வோருக்கு டெட்ராகிஸைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பிஸ்ட்ரைபீனைல்பாஸ்பீன் பல்லேடியம் டைகுளோரைடு போதும்: அது காற்றில் கெடாது, குடுவைக்குள்ளேயே ஒடுக்கமடைந்து வேலையைத் தொடங்கிவிடும், பாஸ்பீன் சுமையும் பாதிதான்.