உமியா விறகா: சாம்பல் அள்ளுற ஆளிட்டைக் கேளுங்கோ

2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்தபோது எங்கள் குசினிக்குள் விறகு திரும்பி வந்தது. போன சிறுபோகத்தோடு உமிக்கும் மாறினேன். இப்போது இரண்டு அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கு. நான் பற்றவைப்பது பெரும்பாலும் உமி அடுப்பைத்தான்.

விறகைப்பற்றி என்ன சொல்ல? பாலை, வீரை கிடைத்தால் தணல் நின்று எரியும். ஆனால் காட்டில் கண்டபடி வெட்ட ஏலாது, கொத்துகிற கைக்கும் வயசு போகுது. உமிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே, கிளிநொச்சிப் பக்கத்து மில்லுகளில் சாக்கோடு ஏற்றலாம். எண்ணெய்த் தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, அடியில் குறுக்கே ஒரு தடி செருகி, சுற்றிவர உமியை இடித்து இறுக்கவேணும். போத்தலையும் தடியையும் மெல்ல உருவினால் காற்றுப்பாதை தயார்.

சாம்பலில்தான் எல்லாக் கணக்கும். ஐந்து கிலோ விறகு எரிந்தால் ஒரு கைப்பிடி சாம்பல். ஐந்து கிலோ உமி எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ! ஒவ்வொரு நாளும் கொட்டவேணும், கொட்டும்போது மூக்கில் துணி கட்டவேணும். இருந்தும் எனக்கு இது தோல்வியாகப் படவில்லை, ஏனென்றால் அந்தச் சாம்பல் உதிரியாக விழும். அதில் 90 வீதமளவு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே சாமான். அடுப்புச் சூட்டுக்கு அது உருகாது.

ஒருமுறை மட்டும் உருகியது. உமி குறைந்த நாள் வைக்கோலை நறுக்கிக் கலந்து, பழைய கம்பியூட்டர் ஃபான் ஒன்றால் அடியில் காற்றும் விட்டேன். சுவாலை நீலமாகச் சீறியது, எனக்குப் பெருமை. விடியப் பார்த்தால் தகரத்தின் அடியில் உள்ளங்கை அகலத்தில் கறுத்த கட்டி. உளி வைத்துத் தட்டி உடைத்தேன். உள்ளே கண்ணாடி மினுக்கம். வைக்கோலில் பொட்டாசியம் கூடுதலாக இருக்கு, அது சிலிக்காவைக் குறைந்த சூட்டிலேயே இளக்கிவிடும். குளிர்நாடுகளில் வீட்டு அடுப்பில் அந்திரசைட் நிலக்கரி எரிப்பவர்கள் ‘கிளிங்கர்’ என்று தலையில் கைவைப்பதும் இதே சங்கதிக்குத்தான்: கீழ்க்காற்று மிஞ்சினாலோ நெருப்பைக் கிண்டிச் சாம்பலைத் தணலுக்குள் ஏற்றினாலோ அது உருகிக் கட்டியாகும், பிறகு அடுப்பின் அடியில் நெருப்பைத் தாங்குகிற கம்பிகளுக்கிடையில் காற்று போகாது. ஃபானைக் கழற்றினேன், வைக்கோலை மாட்டுக்கே விட்டேன். பிறகு கட்டி இல்லை.

மாரிக்கு இன்னும் உமியை எரித்துப் பார்க்கவில்லை. ஒருநாள் தூறலில் நனைந்த சாக்கே குசினி முழுக்கப் புகை கிளப்பியது, வாடைக்காற்று நாளில் விறகிடம் திரும்பினாலும் திரும்புவேன். இடையில் நெருப்பைக் கூட்டவோ தணிக்கவோ உமியில் வழியுமில்லை. அம்மா ஒடியல் கூழுக்கு இன்னும் விறகடுப்பைத்தான் மூட்டுறா. கொள்ளியை இழுத்து எரிவைக் குறைத்தபடி, என் தகரத்தை ஒரு பார்வை பார்ப்பா.