மோதிரமும் நிழலும்: இரு கற்பனை உலகங்களின் அறம்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நாவலும் உர்சுலா லெ க்வினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) நாவலும் தீமையை வைக்கும் இடத்தில் வேறுபடுகின்றன. முன்னதில், தீய ஆற்றல் கொண்ட ஒரு மோதிரத்தைச் செய்த சௌரோன் என்னும் பகைவன் வெளியே இருக்கிறான். பின்னதில், இறந்த ஒருத்தியின் ஆவியைச் செருக்கினால் அழைத்த கெட் என்னும் இளைஞனே ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான், இறுதியில் அதைத் தன் பெயராலேயே அழைத்துத் தழுவிக்கொள்கிறான்.

இதனால் டோல்கீனின் அறம் வெறும் கறுப்பு வெள்ளை என்போர், மோதிரத்தை அழிக்கச் சென்ற நாயகன் ஃப்ரோடோ எரிமலையின் விளிம்பில் அதை எறிய மறுத்துத் தனக்கே உரிமை கொண்டாடுவதை எப்படியோ மறந்துவிடுகிறார்கள். முன்பு இரக்கத்தால் உயிருடன் விடப்பட்ட, அம்மோதிரத்துக்கு ஏங்கும் கொல்லம் என்னும் பிறவி ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துத் தவறி விழுவதாலேயே அது அழிகிறது. கெட் தன்னை அறிந்து வெல்கிறான். ஃப்ரோடோவோ தோற்றபின் காப்பாற்றப்படுகிறான். இரண்டாவதே என்னை அதிகம் அலைக்கழிக்கிறது.

வாழ்வின் பொருளைத் தேடும் வாசகருக்கு, ஆயினும், லெ க்வினையே முதலில் பரிந்துரைப்பேன். அதே வரிசையில் 1972இல் வந்த ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ நாவலில், சாவுக்கு அஞ்சிய மந்திரவாதி ஒருவன் வாழ்வுக்கும் இறப்புக்கும் இடையிலான கதவைத் திறந்துவிட, மந்திரங்கள் மறந்துபோகின்றன, கைவினைஞர்களின் தொழில்கூடச் சீர்கெடுகிறது. அக்கதவை அடைக்கக் கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிடுகிறான். டோல்கீனின் மனிதர்களுக்கும் இறப்பு ஒரு கொடையே. ஆனால் அந்த எண்ணம் பெரும்பாலும் பின்னிணைப்புகளிலும் தொன்மக் கதைகளிலுமே ஒதுங்கி நிற்கிறது.