பழைய ரவுட்டரா, ரிப்பீட்டரா, மெஷ்ஷா? மாடிக்கு வைஃபை ஏற்றிய கணக்கு

ஃபைபர் இணைப்பு வந்த அன்றே, டெலிபோன் லைனில் ஓடிக்கொண்டிருந்த பழைய மோடம் ரவுட்டர் பரணுக்குப் போய்விட்டது. புதுப் பெட்டி கீழ் ஹாலில். மாடி அறையில் வைஃபை ஒற்றைக் கோடுதான், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கிறதே. அப்பா மாடியில் செய்தி சேனல் பார்ப்பவர். படம் சுற்றிக்கொண்டே நின்றால் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிடுவார். ஏதாவது செய்தே ஆகவேண்டிய நிலை.

முதலில் கண்ணில் பட்டது ரிப்பீட்டர். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. சிக்கல், அது சிக்னலைக் காற்றில் வாங்கி அதே காற்றில் கொடுக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மலிவு மாடலில் ஒரே ரேடியோதான் இரண்டு வேலையும் பார்க்கிறது. ஒவ்வொரு தகவலும் இரண்டு தடவை பயணப்பட, வேகத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். அதைவிட, மாடியில் ஏற்கெனவே சிக்னல் இல்லை. இல்லாத இடத்தில் ரிப்பீட்டரைச் செருகினால் எதை வாங்கிக் கொடுக்கும்? பாதி வழியில், படிக்கட்டில்தான் செருகவேண்டும்; அங்கே பிளக் பாயின்ட் இருக்கும் வீடு எத்தனை?

மெஷ் ஜோடியை, அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் இரண்டு பெட்டிகளை, நான் வாங்கியதில்லை. மச்சான் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோது பயன்படுத்தியதோடு சரி. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் பேசிக்கொண்டே நடந்தேன், வீடியோ கால் அறுபடவில்லை. அந்தச் சொகுசு பழைய ரவுட்டரில் கிடைக்காது. ஆனால் விலை சில ஆயிரம் ஆகிறது. இரண்டு பெட்டிகளும் காற்றிலேயே பேசிக்கொண்டால் கான்கிரீட் அவற்றுக்கும் கான்கிரீட்தான்.

ஆக, எல்லாமே வந்து நிற்பது ஒரு கேள்வியில்: கீழிருந்து மேலே லேன் கேபிள் இழுக்க வழி இருக்கிறதா? இருந்தால் பழைய ரவுட்டரே போதும், கேபிளில் வருவதை மாடியில் வைஃபையாகக் கொடுத்துவிடும். இல்லையென்றால் அதைப் பரணிலிருந்து இறக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் வழி இருந்தது. முன்பு கேபிள் டிவிக்காரர் ஒயர் கொண்டுபோகப் போட்ட ஓட்டை சும்மாதான் கிடந்தது. அதன் வழியே 15 மீட்டர் கேபிள் ஏறியது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குத் தாராளம். கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு போட்டதையும் அதே வரிசையில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். வெளிச்சுவர் ஓரம் போகிறதென்றால் பைப்புக்குள் விடுங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் தோல் நம் ஊர் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். இந்த ஏற்பாட்டில் பராமரிப்பு என்று இருந்தால் அது இந்தக் கேபிள்தான்.

அமைப்பது அரை மணி வேலை. நான் ஒரு நாள் ஆக்கினேன். இரண்டு பெட்டிகளுக்குமே முகவரி 192.168.1.1, அப்படியே விட்டால் மோதும். பழையதை மட்டும் கணினியோடு இணைத்து 192.168.1.250 என்று மாற்றினேன். புதுப் பெட்டி மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் வரிசைக்குள் அந்த எண் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் பழையதில் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை, அணைக்க மறந்துபோனேன். ரேஷன் கடையில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்த கதைதான்: சில போன்கள் புதுப் பெட்டியிடம் முகவரி வாங்கி ஒழுங்காக ஓடின, சில பழையதிடம் வாங்கி ‘வைஃபை உண்டு, இணையம் இல்லை’ என்று நின்றன. கீழே இருந்த போன்களும் தப்பவில்லை. அணைத்ததும் சரியானது.

கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் துளையில்தான் செருகவேண்டும், வெளி இணைய இணைப்புக்கான வேன் துளையில் அல்ல. டெலிபோன் லைன் மோடம்களில் பெரும்பாலும் வேன் துளையே இருக்காது, குழப்பமும் இல்லை. வைஃபைக்கான பாதுகாப்புப் பூட்டு டபிள்யூபிஏ2, அதன் மறையாக்க முறை ஏஇஎஸ். அதில் பழைய முறையான டிகேஐபி என்று விட்டுவைத்தால் 802.11என் என்ற வைஃபை தலைமுறையின் வேகம் கிடைக்காது, 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, சேனல் கீழே 1, மேலே 11. பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே.

பழையதன் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை. மாடியில் கைக்குக் கிடைப்பது 45, 50. செய்தி சேனலுக்கு இதுவே அதிகம். 300 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்து அதை மாடியிலும் முழுசாகக் கேட்பவருக்கு இந்தப் பெட்டி ஆகாது. அவர் அதே கேபிளின் முனையில் கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் புது ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், கேபிள் செலவு வீணாகாது.

குறைகளும் உண்டு. கீழிருந்து மேலே ஏறும்போது போன் பழைய சிக்னலையே பிடித்துத் தொங்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடவேண்டியிருக்கிறது. பழைய மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. புதுப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் வெளியாட்கள் நேராகத் தட்ட முடியாதுதான். ஆனாலும் நிர்வாகக் கடவுச்சொல் அட்மின், அட்மின் என்றே இருந்ததை மாற்றிவிட்டேன், கடவுச்சொல் இல்லாமல் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன்.

கரண்ட் போனால் கீழ்ப் பெட்டி மினி யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, மாடிப் பெட்டி படுத்துவிடுகிறது. அதன் அடாப்டர் 9 வோல்ட், கீழே உள்ளது 12, அதனால் அந்த யூபிஎஸ் இதற்குப் பொருந்தாது. அப்பா அந்த நேரத்தில் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.