செப்புச் சில்லறைத் தொகுப்பு: வாங்கிப் பார்த்தபின் என் மதிப்பீடு

பழங்காசு விற்கும் கடை ஒன்றில், ஐந்து சில்லறைக் காசுகள் அடங்கிய பெட்டியை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். பொன், வெள்ளி நாணயங்களைத் தேடுவோர் பலர் இருக்க, உப்புக்கும் கீரைக்கும் கைமாறிய செப்புக் காசுகளுக்கென்று ஒருவர் தனித் தொகுப்பு செய்திருப்பதே என்னை வாங்கத் தூண்டியது.

தொகுப்பில் மூத்தது 1808ஆம் ஆண்டின் பத்துக் காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்காக பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் ஆலையில் நீராவிப் பொறியால் அடிக்கச் செய்த காசு இது. ஒரு பக்கத்தில் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் மறுபக்கத்தில் பாரசீக எழுத்தும் உள்ளன. அன்றைய சென்னைக் கணக்கில் பத்துக் காசு ஒரு துட்டு, எட்டுத் துட்டு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் வராகன் என்ற ஒரு பொற்காசு. அதாவது ஒரு வராகனை மாற்றினால் 336 துட்டுகளைச் சுமக்க வேண்டும்.

பெட்டியுடன் வரும் குறிப்புத் தாள், இக்காசு "சென்னைக் கடைவீதிகளில் புழங்கியது" என்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய காசுகள் 48 டன் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகள் மீட்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. என்னிடம் உள்ள காசில் சிங்கங்களின் பிடரிமயிர்கூடத் தேயவில்லை, ஆனால் மேற்பரப்பு முழுவதும் உப்பு அரித்த நுண்குழிகள். இது கடலிலிருந்து வந்ததென்றே நம்புகிறேன். அப்படியானால் இதைக் கொடுத்து யாரும் எதையும் வாங்கியதில்லை. அரிய பொருள்தான், ஆயினும் அதன் உண்மைக் கதையைச் சொல்லி விற்பதே முறை.

1835ஆம் ஆண்டின் காலணா நல்ல நிலையில் உள்ளது. ரூபாய்க்கு 64 காலணா என்ற கணக்கையும் தாள் சரியாகவே தருகிறது. என்னை மிகவும் வருத்தியது 1895ஆம் ஆண்டின் தம்பிடி. ரூபாய்க்கு 192 என்ற மிகச் சிறிய மதிப்புடைய அந்தக் காசை, செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குவதுபோல் பளபளக்கத் தேய்த்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கைபட்டுப் படிந்த பழுப்பு நிறம் போனபின், அது நேற்று வெட்டிய தகடுபோல் தெரிகிறது.

1944ஆம் ஆண்டின் ஓட்டைக் காலணா இத்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் நடுவில் பெரிய துளையிட்டு உலோகத்தை மிச்சப்படுத்தியபோது, அரசரின் தலைக்கும் இடமில்லாமல் போயிற்று. 1957ஆம் ஆண்டின் ஒரு நயா பைசா எளிதில் கிடைப்பது. எனினும் அணாக் கணக்கு முடிந்து, நூறு பைசா ஒரு ரூபாயான மாற்றத்தைக் காட்ட அது தேவைதான்.

காசுகள் அனைத்தும் அசல் என்பதால் விலை நியாயமானதே. குறிப்புத் தாளைத் திருத்துமாறும், தம்பிடியை மாற்றித் தருமாறும் கடைக்காரரிடம் கேட்டேன். முதலாவதைப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டாவதை மறுவாரமே செய்தார். புதிதாக வந்த தம்பிடியில் விக்டோரியாவின் முகம் பாதிக்குமேல் மழுங்கியிருக்கிறது. அதைத் துடைக்காமல் அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறேன்.