யூரோஃப்ளோ டெஸ்ட்: தண்ணீரை வீட்டில் குடிப்பதா, கிளினிக்கில் குடிப்பதா?

சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெஷினில் அளக்கும் டெஸ்ட்தான் யூரோஃப்ளோ. இதை எழுதிக் கொடுக்கும்போது பல இடங்களில் "தண்ணி நல்லா குடிச்சிட்டு, முட்டும்போது வாங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று சொல்வதில்லை. ரிப்போர்ட் நம்பும்படி வருவது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மெஷினுக்குக் குறைந்தது 150 மில்லியாவது சிறுநீர் வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காக அரை லிட்டருக்கு மேல் அடக்கி வைப்பதும் தப்பு. அளவுக்கு மீறி விரிந்த நீர்ப்பை சரியாகச் சுருங்காது. நல்ல வேகம் உள்ளவருக்கும் குறைவாகக் காட்டும், போன பிறகும் உள்ளே மிச்சம் நிற்கும்.

வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பினால் போனதும் முடித்துவிடலாம் என்பது உண்மைதான். கிளினிக் பக்கத்துத் தெருவில் இருந்து, டோக்கன் நேரமும் உறுதியாக இருந்தால் அதுவே வசதி. ஆனால் இந்த டெஸ்டுக்கு வருபவர்களில் ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்கள் நிறைய. அவர்களை வயிறு நிறையத் தண்ணீரோடு டவுன் பஸ்ஸில் உட்கார வைப்பது கொடுமை. வழியில் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடக்கிக்கொண்டு வந்து வரிசையில் காத்திருந்தால் ரிப்போர்ட் கெடும்.

கிளினிக்கில் போய்க் குடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். வழக்கமாக வரும் உணர்வு வந்ததுமே டெக்னீஷியனிடம் சொல்லி உள்ளே போய்விடலாம். ஒரே ஒரு ஆபத்து, அவசரம். குடித்த தண்ணீர் நீர்ப்பைக்கு வந்து சேர முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு லிட்டரைக் குடித்தால், அப்புறம் எல்லாம் சேர்ந்து முட்டும். வீட்டில் ஒரு டம்ளர், கிளினிக்கில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். சீக்கிரம் வரட்டும் என்று காபி, டீ வேண்டாம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ப்ராஸ்டேட் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. என்ன மாத்திரை என்று சீட்டில் எழுதிக் கொண்டுபோனால் போதும்.

உள்ளே போனதும் புனலில் வழக்கம்போலப் போக வேண்டும்: நின்றோ உட்கார்ந்தோ, வீட்டில் எப்படியோ அப்படி. பல மெஷின்களில் கீழே இருக்கும் பாத்திரத்தின் எடை ஏற ஏறக் கோடு வரையும். முக்கினால் அந்தக் கோடு மேலும் கீழுமாகப் போகும். கதவுக்கு வெளியே ஆள் நின்றால் வராது என்பவர்கள் கூச்சப்படாமல் தள்ளி நிற்கச் சொல்லலாம். முடிந்த கையோடு மிச்சம் பார்க்கும் ஸ்கேன் இருந்தால் அதற்கும் தாமதிக்காமல் போய்விட வேண்டும். அளவு 150 மில்லிக்குக் குறைந்துவிட்டால், அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பாமல், இன்னும் கொஞ்சம் குடித்துக் காத்திருந்து அன்றே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.