குழாயை வெட்டாமல் அடர்த்தி அளக்கலாமா?

"குழாயை வெட்டத் தேவையில்லை, வெளியே கட்டினால் போதும், அடர்த்தி திரையில் வருமாம். எடுக்கலாமா அண்ணா?" திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் டீசல் குழாய்களைப் பராமரிக்கும் தம்பி ஒருவர் விலைப்பட்டியலுடன் வந்து கேட்டார்.

அந்தக் கருவி இரண்டு உணரிகள் வழியாக, காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி வாங்குகிறது. பள்ளியில் கழியொலி என்று படித்தோமே, அதுதான். 200 மில்லிமீற்றர் டீசலைக் குறுக்கே கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 150 மைக்ரோசெக்கன் போதும். அதிலிருந்து ஒலிவேகம் துல்லியமாகவே கிடைக்கிறது. அடர்த்தியோ, எந்தத் திரவத்தில் எந்த ஒலிவேகத்துக்கு எவ்வளவு அடர்த்தி என்று உள்ளே பதிந்திருக்கும் பட்டியலைப் பார்த்துச் சொல்லப்படுவது. டீசலில் யாராவது மண்ணெண்ணெய் கலந்தால் பட்டியலுக்கு அது எப்படித் தெரியும்?

மீயொலியால் அடர்த்தியை நேரடியாக அறியும் வழியும் உண்டு. அடர்த்தியை ஒலிவேகத்தால் பெருக்கினால் வருவது ஒலித்தடை. குழாய்ச் சுவரும் திரவமும் சந்திக்கும் இடத்தில் எவ்வளவு ஒலி திரும்புகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. வில்லங்கம் உருக்கில் இருக்கிறது. அதன் ஒலித்தடை டீசலைப்போல் நாற்பது மடங்கு. அனுப்பியதில் பெரும்பகுதி அப்படியே திரும்பிவிடும். டீசலின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று மாறினாலும் எதிரொலியின் வீச்சு இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். உணரியைக் குழாயோடு ஒட்டும் பசை வெயிலில் காய்ந்தாலே அதைவிட அதிகம் மாறும். உருக்குக்குப் பதிலாக அக்ரிலிக் துண்டு வைத்தால் மாற்றம் பதினைந்து மடங்குக்கு மேல் பெரிதாகும். ஆனால் அது திரவத்தைத் தொட வேண்டும். தொட வேண்டுமானால் குழாயை வெட்ட வேண்டும்!

எப்படியும் வெட்டுவதென்றால் நான் கொரியோலிஸ் மானியைத்தான் வைப்பேன். உள்ளே குழாய் அதிரும்; திரவம் கனத்தால் அதிர்வு மந்தமாகும். பொருளின் பெயர் அதற்குத் தேவையில்லை, கன மீற்றருக்கு ஒரு கிலோகிராம் வித்தியாசத்தையும் பிடிக்கும். பெரிய அளவில் விலையும் எடையும் கழுத்தை நெரிக்கும் என்பதால், சிறிய கிளைக்குழாயில் பொருத்துவது புத்திசாலித்தனம். வெட்டாமலே அடர்த்தி காட்டும் காமாக் கதிர் மானியும் உண்டு; ஆனால் அதற்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். டீசலுக்காக அந்தத் தலைவலி எதற்கு?

வெளியே கட்டும் கருவிக்குத் திருகோணமலை வெயிலும் எதிரி. டீசலின் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் ஒலிவேகம் செக்கனுக்கு மூன்று, நான்கு மீற்றர் குறையும். கருவி தொட்டுப் பார்ப்பதோ குழாயின் தோலை. நண்பகலில் ஓட்டம் நின்றிருக்கும் குழாயின் மேற்புறத்தில் கை வைக்க முடியாது. அடிப்புறம் அவ்வளவு சுடாது. எந்தப் பாகையை நம்புவது?

இருந்தாலும் அந்தக் கருவியைத் தள்ளிவிட மாட்டேன். ஒரே குழாயில் பெற்றோல் முடிந்து டீசல் தொடங்கும் கணத்தை அது உடனே காட்டும். வேலையை நிறுத்தவும் வேண்டாம். பணம் கைமாறும் அளவை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

அதற்கு, திரவத்தில் மிதந்து அடர்த்தி காட்டும் கண்ணாடி நீரமானியே நடுவர். மாதிரியை உயரமான சாடியில் ஊற்றி, காற்றுக்கு மறைவாக வைத்து, ஆட்டம் அடங்கியதும் கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். 34 பாகையில் கன மீற்றருக்கு 832 கிலோகிராம் என்று காட்டும் டீசல், 15 பாகைக்குத் திருத்தினால் ஏறத்தாழ 845. தம்பிக்கு ஒரு மீயொலிக் கருவியும் இரண்டு நீரமானிகளும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று எப்படியும் சிமெந்துத் தரையில் விழும்.