அசூரில் இரண்டாவது இயந்திரம்: புறக்கோட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டபோது, டீசலுக்கு வரிசையில் நின்று களைத்த எமது புறக்கோட்டை மொத்த வியாபார நிறுவனம், பில் போடும் சேர்வரை மைக்ரோசொப்டின் தரவு நிலையங்களில் வாடகைக்குக் கணினி வசதி தரும் அசூர் கிளவுட்டுக்கு மாற்றியது. மின்சாரக் கவலை அத்துடன் தீர்ந்தது. சேர்வர் பற்றிய கவலை தீரவில்லை.

அசூரில் ஒரேயொரு மெய்நிகர் இயந்திரத்தை (மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினியை), அதன் வட்டுகள் அனைத்தும் பிரீமியம் எஸ்எஸ்டி என்னும் உயர்தர வகையாக இருக்கும் நிலையில் நடத்தினால், அது இயங்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் உத்தரவாதம் 99.9 சதவீதமாகும். 30 நாள் மாதமொன்றில் இது சுமார் 43 நிமிடத் தடங்கலுக்கு இடமளிக்கிறது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமையில் அந்த நிமிடங்கள் வந்து சேர்ந்தால் என்னாகும் என்பதைக் கடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. இயந்திரங்கள் இரண்டை 'அவைலபிலிட்டி செற்' ஒன்றில் வைத்தால், அவை வெவ்வேறு மின்வழியும் வலையமைப்பு இணைப்பும் கொண்ட அடுக்குகளில் பிரிக்கப்படுவதுடன், திட்டமிட்ட பராமரிப்பும் இரண்டையும் ஒரே வேளையில் தொடுவதில்லை; இரண்டில் ஒன்றாவது இயங்கும் என்ற உத்தரவாதம் 99.95 சதவீதமாகிறது. தனித்தனித் தரவு நிலையங்களான 'சோன்'களில் வைத்தால் 99.99 சதவீதம், அதாவது மாதத்துக்கு நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல்.

எமக்கு முதலில் அமைத்துத் தந்தவர்கள், கொழும்புக்கு அருகில் என்பதால் இயந்திரங்கள் இயங்கும் இடமாகச் சென்னையைத் தெரிவு செய்து, இரு இயந்திரங்களையும் எந்தச் செற்றிலும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். இயந்திரத்தை உருவாக்கும்போதே சேர்த்தாக வேண்டும், பின்னர் சேர்க்க இயலாது என்பதும், சென்னையில் சோன்களே இல்லை என்பதும் பிறகுதான் புரிந்தன. எப்படியும் மீள உருவாக்க வேண்டியிருந்ததால் சோன்கள் உள்ள புனேக்கே சென்றோம்; கூடுதல் தூரம் பில் போடுகையில் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஷெடியூல்ட் ஈவென்ற்ஸ்' என்னும் வசதி. இயந்திரம் பராமரிப்புக்காக மறுதொடக்கம் செய்யப்படுமுன் குறைந்தது 15 நிமிட அறிவித்தல் கிடைக்கிறது. ஆனால் இயந்திரம் தானே கேட்டுக்கொண்டிருந்தால்தான் அது தெரியவரும். கேட்பதற்கொரு சிறு நிரலை நாமே எழுதினோம்.

குறைகளும் உண்டு. தரவுத்தளத்தின் பிரதியை இரு பக்கமும் ஒத்திசைவாகப் பேணுவது எம் பொறுப்பே. உத்தரவாதம் தவறினால் கோரிக்கை விடுத்துக் கட்டணத்தில் கழிவு பெறலாமேயன்றி, இழந்த விற்பனைக்கு ஈடில்லை. செற்றுக்கும் சோனுக்கும் தனிக் கட்டணம் இல்லாவிடினும், இரண்டாவது இயந்திரத்துக்கு முழுக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அதனை முதலாளி வீண்செலவென்றே கருதினார். வியாபாரம் நடக்கும் வேளையில் அவர் முன்னிலையிலேயே ஓர் இயந்திரத்தை நிறுத்திக் காட்டினேன். சற்றுத் தயங்கிய பின் அடுத்த பில் அச்சாகி வந்தது. அவர் அந்தச் செலவைப் பற்றி அதன்பின் கேட்கவில்லை.